தற்காலிகமாக ஒரு வரி

இந்த நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. வேண்டாமா, சரி, இருக்கட்டும். ஆடுகிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

போன தடவை இந்த விபத்து விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. நான் இங்கே இருப்பது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் மீனைச் சுத்தம் செய்து, உறையவைத்து, பெட்டியில் கட்டி அனுப்புகிறோம். ஐந்து கூடங்கள். எல்லாவற்றையும் குளிர்விப்பது அமோனியா. அது குழாய்க்குள் இருக்கும்வரை சாது. கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். நிறையக் கசிந்தால் மூச்சுக்குழாய் வெந்துபோகும். அதனால் ஒவ்வொரு கூடத்தின் கூரையிலும் சென்சர் வைத்திருக்கிறார்கள். அது காற்றில் எவ்வளவு வாயு என்று வினாடிக்கு ஒரு தடவை என் அறைக் கணினிக்கு எண் அனுப்பும். எண் இருபத்தைந்தைத் தாண்டி முப்பது வினாடி அப்படியே நின்றால், கணினி மணியை அடித்து, முதன்மை வால்வை மூடி, காற்றாடிகளை ஓடவிடும். ஏன் முப்பது வினாடி என்றால், தரை கழுவும்போதெல்லாம் எண் சும்மா ஒரு துள்ளு துள்ளும். அதற்கெல்லாம் மணி அடித்தால் வேலை நடக்காது.

அந்தக் கணினியை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். எதற்கெடுத்தாலும் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்று நான் சொல்வதால் தொழிற்சாலையில் எனக்கு ரீஸ்டார்ட் என்று பட்டப்பெயர். கேண்டீனில்கூட, டீ ஆறிப்போனால், ரீஸ்டார்ட்டைக் கூப்பிடு என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

இறந்தவர்களில் மெக்கானிக் என்று உங்கள் கோப்பில் இருப்பவன் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான், சாப்பாடு எங்களோடு. கம்ப்யூட்டர் என்றால் அவனுக்கு பயம், குழாய் என்றால் எனக்கு பயம். அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாமா என்பான். முப்பத்தாறு வயதில் புருவம் நரைத்திருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிப் பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

விபத்துக்கு ஒன்பது மாதம் முன்னால், ஒரு முற்பகலில், மூன்றாவது கூடத்தில் பெட்டி கட்டும் அக்கா ஒருவர் என் ஜன்னலுக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். அவருக்கு ரேடியோ அக்கா என்று பெயர். வாய் மூடவே மூடாது. அன்றைக்கு முகம் பூராவும் கண்ணீர்.

"தம்பி, உங்க பொட்டி தூங்குதா என்ன? உள்ளே கண்ணத் தொறக்க முடியல. மணி அடிக்கவே இல்ல."

திரையைப் பார்த்தேன். மூன்றாவது கூடத்தின் எண் முப்பத்தெட்டு. நாலு நிமிடமாக முப்பத்தெட்டிலேயே நிற்கிறது. மணி அடிக்கவில்லை. மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு இணைப்பை முறுக்கிக் கசிவை நிறுத்தினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் வந்தார், அணைத்துப் போடச் சொன்னார், போட்டேன். அமோனியாவில் நனைத்த துணி ஒன்றை சென்சருக்கு அருகே பிடித்துப் பார்த்தார். முப்பதாவது வினாடியில் மணி கணீரென்று அடித்தது.

"பாருங்க, நல்லாத்தானே அடிக்குது? அந்தம்மா எதையாவது பேசிட்டுத் திரியும்."

நான் சொன்னேன், சார், இது அணைத்துப் போட்ட பிறகு அடிக்கிறது, பிரச்சினை அதற்கு முன்னால்தான் என்று. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது.

மணியை அடிக்கும் மென்பொருளை எங்களுக்குத் தந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். ஒன்பது மாதத்தில் பதினான்கு புகார். ஒவ்வொன்றும் மூன்று நாளில் மூடப்படும். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வாசகம்தான்: எங்கள் பக்கம் செய்து பார்த்ததில் கோளாறு வரவில்லை. போன் செய்தால் ஒரு பெண் எடுப்பாள். மிகவும் பண்பான பெண்.

"சார், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார். எங்க மெஷின் அறுபது நாளா நிக்காம ஓடுது. எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகுது. நான் என்ன சார் பண்ணட்டும்?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளும் என்னைப் போல ஒரு நாற்காலியில் மாட்டிக்கொண்டவள்தான்.

நானே தோண்ட ஆரம்பித்தேன். எத்தனை நாள் ஓடிய பிறகு மணி ஊமையாகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. இருபத்துநான்கு நாள், இருபது மணி நேரம், முப்பத்தொரு நிமிடம். எண் கிடைத்தவுடன் பாதி விஷயம் விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். கெர்னல் என்பது கணினியின் அடிப்படை. கடிகாரம் அதனிடம்தான் இருக்கிறது. கணினியைப் போட்ட கணத்திலிருந்து ஒரு வினாடியை ஆயிரமாக வெட்டி எண்ணிக்கொண்டே போகும். மணி அடிக்கும் நிரல் நேராகக் கெர்னலிடம் பேசாது. நடுவில் சிஸ்டம் லைப்ரரி என்று ஒரு தரகர் உண்டு. எந்தத் தகவலுக்கு எவ்வளவு இடம் என்று இருவரும் தெரிந்துகொள்ள ஓர் அளவுச் சீட்டு இருக்கிறது. அதற்குப் பெயர் ஹெடர் கோப்பு. தையல்காரரிடம் ஓர் அளவும் துணி வெட்டுபவரிடம் வேறோர் அளவும் இருந்தால் சட்டை என்ன ஆகும்? அதே கதைதான். கெர்னல் நேரத்தை எட்டு கட்டத்தில் எழுதுகிறது, லைப்ரரி நாலு கட்டத்தை மட்டும் படிக்கிறது. எண் சின்னதாக இருக்கும்வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இருபத்துநான்கு நாள் தாண்டி எண் பெருத்தவுடன் லைப்ரரி அதைப் பூஜ்யத்துக்குக் கீழே போன எண் என்று படிக்கும். முப்பது வினாடி ஆகிவிட்டதா என்று நிரல் கேட்கும். இல்லை என்று பதில் வரும். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் இல்லை என்றுதான் வரும்.

அளவுச் சீட்டைத் தப்பாகத் தந்தது அந்த நிறுவனம் என்று எழுதினேன். புகாரை மூடினார்கள்.

ஒரு விடுமுறை நாளில், கூடம் காலியாக இருந்தபோது, இருபத்தைந்து நாள் ஓடிய கணினியில் நானே நனைத்த துணியைப் பிடித்துப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை. எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்பினேன். அந்தப் பெண் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"துணியப் பிடிச்சுப் பாக்குறது முறை இல்லன்னு சொல்லிட்டாங்க சார். எண் ஏறி இறங்கும்ல, அதனாலகூட அடிக்காம இருக்கலாமாம். நெஜமான கசிவு ஒண்ணு நடக்கறப்போ எடுத்த லாக் பதிவு வேணும். கூடவே கெர்னலும் லைப்ரரியும் பேசிக்கிட்டது அப்படியே வரிவரியா வேணும். அது இருந்தா மேல அனுப்பறேன் சார், சத்தியமா."

மேனேஜரிடம் போனேன். முறைப்படி ஒரு சோதனை செய்ய வேண்டும், ஒரு நாள் வேலையை நிறுத்துங்கள் என்றேன்.

"ஒரு நாளா? வெளாடுறீங்களா? உங்களுக்கு அந்தப் பொட்டிய விட்டா வேற பேச்சே கெடையாதா?"

அதற்குமேல் என்னிடம் இருந்தது ஒன்றுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கூடங்களில் ஆள் இல்லாத சாப்பாட்டு வேளையில், பன்னிரண்டு பத்துக்கு, கணினியை அணைத்துப் போடுவேன். கடிகார எண் மறுபடி பூஜ்யம் ஆகும். இன்னொரு வாரம் மணி உயிரோடு இருக்கும். இது விதிமுறையில் கிடையாது. யாரிடமும் சொல்லவில்லை, மாப்பிள்ளையைத் தவிர. காய்ச்சல் என்று படுத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டு வந்தேன். நூற்று எண்பது பேர் மூச்சு விடுவது என் சாப்பாட்டு வேளையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நிலைமையில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? அது பெருமை இல்லை. கத்தினால் யாருக்கும் கேட்காது.

மாப்பிள்ளை மட்டும் நம்பினான். என்ன கோளாறு என்று அவனுக்குப் புரியவே இல்லை, ஆனால் நம்பினான். ஏதாவது ஒரு வால்வைத் திறக்கப் போகும்போது போன் செய்வான்.

"மாமா, வெள்ளிக்கெழம போட்டீங்கல்ல?"

"போட்டேன் மாப்ள."

"அப்ப சரி."

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கூடத்தில் ஒரு வால்வின் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. மாப்பிள்ளை ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். முற்பகலில் அழுத்தம் ஏறும்போது கொஞ்சமாகக் கசியும், பிறகு தானாக நிற்கும். புது வாஷருக்கு எழுதிப் போட்டாயிற்று, வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆபத்து ஒன்றும் இல்லை என்றான். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டேன், எண் எவ்வளவு வரும் என்று. முப்பது, நாற்பது, அதற்கு மேல் போகாது என்றான்.

நிஜமான கசிவு. இருபத்தைந்துக்கு மேல், ஆனால் ஆளை ஒன்றும் செய்யாத அளவு. தினமும், அதே நேரத்தில். எனக்கு வேண்டியது நூல் பிடித்த மாதிரி வந்து நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை கணினியை அணைத்துப் போட்டேன். அடுத்த வெள்ளி போடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போடவில்லை. மூன்றாவது வெள்ளி, பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு, மணி ஊமையானது. அதைச் சொல்ல ஒரு சத்தமும் வராது. நான் திரைமுன் உட்கார்ந்து கடிகார எண் பூஜ்யத்துக்குக் கீழே விழுவதைப் பார்த்தேன். கெர்னலும் லைப்ரரியும் பேசுவதை ஒட்டுக் கேட்டு எழுதும் நிரலை ஓடவிட்டேன்.

மாப்பிள்ளை அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை கேட்டான், வெள்ளிக்கிழமை போட்டீர்களா என்று. போட்டேன் என்று சொன்னேன்.

பதினொன்று நாற்பதுக்குப் போன் வந்தது. வால்வை மூட வேண்டுமானால் என் அறையில் அனுமதி கேட்க வேண்டும், அது விதி.

"மாமா, மூணாவதுல வாஷர் நல்லா விட்டுருச்சு போல. வாட அதிகமா வருது. வால்வ மூடிடட்டா?"

திரையில் நாற்பத்தொன்று. முப்பது வினாடி தாண்டி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. நிரல் கேட்டுக்கொண்டே இருந்தது, லைப்ரரி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியும் பதிவாகிக்கொண்டிருந்தது. வால்வை மூடினால் எண் இறங்கிவிடும். எண் இறங்கினால் அவர்கள் துணிக்குச் சொன்ன காரணத்தையே இதற்கும் சொல்வார்கள்.

"பத்து நிமிஷம் பொறு மாப்ள" என்றேன். "நான் இங்க ஒண்ணு பாத்துட்டிருக்கேன்."

"மணி அடிக்கலையே மாமா?"

"அளவு கம்மிதான். அடிக்கணும்னா அடிக்கும்."

"சரி மாமா. பக்கத்துலயே நிக்கறேன்."

போன தடவை, அவன் ஏதோ உதிரிபாகம் பற்றிக் கேட்டான் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். இதுதான் நடந்தது.

ஏழு நிமிடத்தில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினொன்று நாற்பத்தேழுக்கு என் வேலை முடிந்துவிட்டது. அந்த நேரம் போனை எடுத்து, மூடு மாப்ள என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இன்று நாம் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஆனால் பதிவைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. ஒன்பது மாதம் காத்திருந்தவன். எந்தக் கட்டத்தில் எண் வெட்டுப்படுகிறது என்று அதில் துல்லியமாக இருந்தது. அந்தக் கட்டத்தை ஹெடர் கோப்பில் தேடினேன். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. தற்காலிகம், பிறகு சரிசெய்யவும். கீழே என் பெயரின் முதல் எழுத்து, தேதி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டு கெட்டுப்போனது. புதுக் கார்டை இயக்கும் நிரல், டிரைவர் என்பார்கள், பழைய ஹெடரோடு ஒத்துப்போகவில்லை. ஒரு முழு நாள் போராடினேன். கடைசியில் ஒரே ஒரு வரியில் அளவை மாற்றினேன், லைப்ரரியை அதைக் கொண்டு மறுபடி கட்டினேன், டிரைவர் ஓடியது, மேனேஜர் தோளில் தட்டினார். அப்புறம் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பது முழுப் பொய் இல்லை. நாலைந்து மாதமாகவே அந்தத் தேதி மண்டையின் ஓர் ஓரத்தில் அரித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நிறுவனத்துக்காரர்களால் அதைச் செய்து பார்க்க முடியாதது சரிதான். அவர்களிடம் அந்த வரி இல்லை.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு மறுபடி போன்.

"மாமா, ரொம்ப எரியுது. இங்க எல்லாரும் இருமறாங்க. மூடிடறேன் மாமா."

திரையில் நூற்று எண்பத்தாறு.

நான் ஒரு கணம் யோசித்தேன். ஒரு கணம் என்று சொல்கிறேன், பதிவில் நாலு வினாடி என்று இருக்கலாம். வால்வை மூடினால் வேலை நிற்கும். வேலை நின்றால் மேனேஜர் என் அறைக்கு வருவார். எண் நூற்று எண்பதில் இருக்கும்போது மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார், உங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவார், அவர்கள் கோப்பைத் திறப்பார்கள். அதில் என் கையெழுத்து மாதிரி அந்தக் குறிப்பு இருக்கும். பதினான்கு புகாரை அடுக்கிவைத்து அதன் மேல் அந்த ஒரு வரியை வைப்பார்கள்.

"இன்னும் அஞ்சே நிமிஷம் மாப்ள" என்றேன். "இப்ப மூடினா சிஸ்டம் குழம்பிடும். நான் சொன்னதும் மூடு."

"சரி மாமா" என்றான். இருமினான்.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் வரியைப் பழையபடி மாற்றினேன். குறிப்பை அழித்தேன். லைப்ரரியை மறுபடி கட்டக் கொடுத்தேன். திரையின் ஓரத்தில் மூன்றாவது கூடத்தின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மணி அடிக்காமல் வரிசையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலை விதி. ஒரு தடவை வந்தவர்களுக்கு மேனேஜர் மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை. அதனால் யாரும் வரவில்லை. முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ அக்கா மட்டும் கையை நிறுத்திவிட்டு, சுவரில் இருக்கும் மணியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பேசவில்லை. அவரைப் பேசாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

பதினொன்று ஐம்பத்துநாலுக்கு வால்வு இணைப்பு முழுதாகப் பிய்த்துக்கொண்டது. கேமராவில் வெள்ளையாக ஆகிவிட்டது. எண் சென்சர் காட்டக்கூடிய உச்சத்தில் போய் நின்றது.

என் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அது கணினி வழியாகப் போவதில்லை. நேராக மணிக்கும் முதன்மை வால்வுக்கும் கம்பி. உங்கள் புகைப்படங்களில் இருக்கும், பாருங்கள். போன தடவை அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினொன்று நாற்பதிலிருந்தே அது அங்கேதான் இருந்தது. லைப்ரரி கட்டும் வேலை எழுபது சதவீதத்தில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் கோப்பு பழுதாகிவிடும், மணி ஒருபோதும் அடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொத்தானுக்கு லைப்ரரி தேவையில்லை என்பது அப்போதும் எனக்குத் தெரியும்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு நிரல் புதிதாக ஓட ஆரம்பித்தது. முப்பதாவது வினாடியில் மணி அடித்தது. ஒரு வினாடி முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. வால்வு மூடியது, காற்றாடிகள் சுழன்றன. பழைய பதிவுகளை அழித்தேன். மிச்சம் இருப்பதைப் படிப்பவருக்கு, வாயு திடீரென்று வந்தது, முப்பது வினாடியில் மணி அடித்தது என்றுதான் தெரியும். ஒட்டுக் கேட்ட பதிவையும், மாற்றும் முன் பிரதி எடுத்த ஹெடர் கோப்பையும் மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்தேன். பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். பத்துப் பேர் பார்த்தார்கள். வால்வுக்குப் பக்கத்திலேயே கிடந்தான், கையில் ஸ்பேனர். நான் சொன்னதும் மூடுவதற்காகப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்பேனர். ரேடியோ அக்கா கதவுக்கு நாலு அடி உள்ளே கிடந்தார். மூன்றாவதாக இறந்தவர் சேர்ந்து ஒன்பதே நாள் ஆன ஒருவர், பெட்டிக்கு நாடா ஒட்டுபவர், அவர் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஆறு பேர்.

என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாள் என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க தலபாடா அடிச்சுக்கிட்டீங்களே. ஒம்பது மாசமா அந்த மணிய நெனச்சு நெனச்சு நீங்க தூங்கல. ஒருத்தனாவது கேட்டானா?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் தட்டில் சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

அப்புறம் உங்கள் அறிக்கை வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் முடிவு என்று இரண்டு வரி. முதல் வரி: அழுத்தம் இருக்கும்போது அனுமதி பெறாமல் மெக்கானிக் இணைப்பைக் கழற்ற முயன்றதே விபத்துக்குக் காரணம். இரண்டாவது வரி: எச்சரிக்கை மணி அமைப்பில் கோளாறு எதுவும் இல்லை.

அவள் முதல் வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"என் தம்பி கேக்காம ஒரு வால்வத் தொட மாட்டான். வீட்டுல ஃபேன் ரெகுலேட்டரக்கூட, மாத்தட்டுமாக்கான்னு கேட்டுட்டுத்தான் தொடுவான்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "உங்ககிட்ட கேட்டானா?"

"கேக்கல" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகப்பட்டு இல்லை. நான் ஏதாவது மறந்திருப்பேனோ, ஞாபகம் வந்துவிடுமோ என்று காத்திருந்த மாதிரி. பிறகு அறிக்கையை மடித்து அலமாரியில் அவன் சட்டைகளுக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து தம்பி பேச்சை எடுப்பதில்லை. யாராவது துக்கம் கேட்க வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள், அவளே ஏதோ தப்புச் செய்த மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அவன் பெயரைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன். அதற்கு மட்டும்தான்.

ஆக, அவன் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் நான்தான் நிறுத்திவைத்தேன். மூன்று பேரையும் கொன்றது நான். இதற்குமேல் இதைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

இதோ பென்டிரைவ். மாற்றுவதற்கு முன்பிருந்த ஹெடர் கோப்பும் இதில் இருக்கிறது, என் குறிப்போடு சேர்த்து. எதையும் ஒளிக்கவில்லை. வரி என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் அளவு பொருந்துகிறதா என்று தொடங்கும்போதே அந்த லைப்ரரி சரிபார்த்திருக்க வேண்டும். ஒரு நல்ல லைப்ரரி அதைச் செய்யும். அப்படிச் செய்திருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே சண்டை போட்டிருக்கும், நானும் திருத்தியிருப்பேன். அது அவர்களுடைய குறைதான். இந்தப் பதிவைத் தெரிந்தவர் யாரிடமாவது காட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு தடவை வெளியிட்ட அறிக்கையைத் திருத்துவது சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பற்றிய முதல் வரியை மாற்ற முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. மணியில் கோளாறு இல்லை என்கிற இரண்டாவது வரியை மட்டும் எப்படியாவது மாற்றிவிடுங்கள்.